அம்மாவுக்கு 74 வயது, மதுரையில் தனியாக இருக்கிறார்: முதியோர் குடியிருப்பா, வீட்டிலேயே ஆள் வைப்பதா?

எஸ்.எஸ். காலனி மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மா மதுரை எஸ்.எஸ். காலனியில், அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா தவறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

போன மாதம் ஒரு விடியற்காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கைப்பேசி படுக்கையறையில் இருந்தது. பால்காரர் மணியடித்துப் பதில் வராததால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறக்கும் வரை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அம்மா ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். மணிக்கட்டில் ஒரு விரிசல், அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பில் வாங்கிவிடலாம் என்கிறார். அம்மா மதுரையை விட்டு வர மாட்டேன் என்கிறார். என்னோடு பெங்களூரில் இரண்டு மாதம் இருந்து பார்த்தார். பதினோராவது மாடி. "ஜன்னலைத் திறந்தால் கூப்பிட ஒரு ஆள் இல்லையே" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

குடும்ப ஓய்வூதியம் மாதம் 24,000 வருகிறது. சேமிப்பு 30 லட்சம் அளவில் இருக்கிறது. மதுரையைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்புகளில் இருப்பவர்கள், பெற்றோரை வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். விளம்பரங்களைப் படித்துப் படித்து எனக்கு எதுவும் புரியவில்லை.

யானைமலை அடிவாரம்

நானும் என் மனைவியும் நான்கு ஆண்டுகளாக ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு முதியோர் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்கு 71, அவருக்கு 69. வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு நடைக்கு இறங்கினால் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரு நாள் வரவில்லை என்றால் ஏழு மணிக்குள் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். உங்கள் அம்மா இரண்டு மணி நேரம் கிடந்தார் என்று படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். சமையல், மின்சாரப் பழுது, தண்ணீர் லாரி ஆகிய மூன்று கவலைகளும் போய்விட்டன. என் மனைவி நாற்பது ஆண்டு அடுப்படிக்குப் பிறகு இப்போது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறார். அங்கே படிக்க உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டையே மறந்துவிடுகிறார்.

குறையும் உண்டு. உப்பும் காரமும் குறைந்த பொதுச் சமையலுக்கு நாக்கு பழக ஆறு மாதம் ஆகும். கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறது. நாங்கள் சேர்ந்தபோது இருவருக்கும் உணவோடு 31,000 கொடுத்தோம், இப்போது 41,000. மரணங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்று கேரம் ஆடியவர் இன்று இல்லை. நான்கு ஆண்டில் ஒன்பது பேருக்குத் தோள் கொடுத்திருக்கிறேன். சேருவதற்கு முன் இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடத் தனியாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாடக்குளம்

என் கருத்து சிலருக்குக் கசக்கலாம். எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தாலும் அது முதியோர் இல்லம்தான். பெற்ற தாயைக் காசு கொடுத்து அந்நியர் கையில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பாவைப் பக்கவாதம் வந்த பின் ஐந்து ஆண்டுகள் வீட்டில் வைத்தே பார்த்தேன். கடைசி மூச்சு அவர் பிறந்த வீட்டில், அதே கட்டிலில் போயிற்று. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நீங்கள் மதுரைக்கு வரலாமே, சகோதரி?

எஸ்.எஸ். காலனி மகள்

ஐயா, இந்தக் கேள்வியைக் கடந்த ஒரு மாதத்தில் தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டுக்கடன் என் சம்பளத்தில்தான் போகிறது. என்னால் வர முடியவில்லை. வர முடிகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

செவிலி

அரசு மருத்துவமனையில் 22 ஆண்டுகள் செவிலியாக இருந்துவிட்டு, இப்போது மதுரையிலும் திருமங்கலத்திலும் வீடுகளுக்குச் சென்று முதியவர்களைப் பார்க்கிறேன். குடியிருப்பா வீடா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அம்மாவால் இன்று எதைத் தானாகச் செய்துகொள்ள முடிகிறது என்பது.

குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குச் சென்று வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிவது, கையால் எடுத்துச் சாப்பிடுவது. இந்த ஆறையும் வைத்து முதியவரின் நிலையை அளக்கும் முறையைக் காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-இல் வெளியிட்டார். இன்றும் பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆறும் தானாக முடிகிறது என்றால் உங்கள் அம்மா தனி வீட்டில் வாழக்கூடியவர். சாப்பாடும் பாதுகாப்பும் துணையும் உள்ள சாதாரண முதியோர் குடியிருப்பே போதும். ஒன்றிரண்டில் கை கொடுக்க வேண்டும் என்றால் உதவியாளர் உள்ள பகுதி வேண்டும். மூன்று நான்கு போய்விட்டால் இரவு பகலாகச் செவிலி இருக்கும் இடம் வேண்டும். மறதிநோய் தனிக் கணக்கு. உடம்பு திடமாக இருக்கும், ஆறையும் செய்வார், ஆனால் வாசலைத் தாண்டிப் போய்விடுவார். அவருக்குக் கதவும் ஆளும் வேறு விதமாக அமைய வேண்டும்.

எல்லா விளம்பரமும் முதல் நிலையில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிரித்த முகத்தோடு பூப்பந்து ஆடுகிறவர் படம் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மூன்றாவது நிலையைப் பற்றி. "என் அம்மா படுத்த படுக்கையானால் இதே வளாகத்தில் வைத்துக்கொள்வீர்களா, வெளியே அழைத்துப் போகச் சொல்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பல இடங்களில் பதில் தடுமாறும். வைத்துக்கொள்வோம் என்றால், இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்று கேளுங்கள். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். அதற்குப் பகல் ஆள் மட்டும் போதாது. நான் பார்க்கும் வீடுகளில் பாதிப் புண்கள் இரவில் ஆள் இல்லாததால் வந்தவை.

மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் நீங்களே வண்டியில் போய்ப் பாருங்கள். இரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஆளைக் கொண்டு சேர்த்து, தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஊருக்கு வெளியே மலை, வயல், நல்ல காற்று எல்லாம் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியைத் தாண்டி உள்ளே வர எவ்வளவு ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்கே வைப்பது என்று முடிவெடுப்பதற்கு முன், ஏன் விழுந்தார் என்று கண்டுபிடியுங்கள். கண்புரை இருக்கிறதா? இரத்த அழுத்த மாத்திரையால் எழுந்தவுடன் தலை சுற்றுகிறதா? குளியலறைத் தரை எப்படி? கைப்பிடிக் கம்பி இருக்கிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் எங்கே மாற்றினாலும் அங்கேயும் விழுவார்.

எஸ்.எஸ். காலனி மகள்

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆறும் அவரே செய்துகொள்கிறார். கண்ணை இன்னும் காட்டவில்லை. அடுத்த வாரம் வரும்போது அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன்.

திரும்பி வந்தவள்

ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 68. ஒரு குடியிருப்பில் பதினான்கு மாதம் இருந்துவிட்டுப் பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

கட்டடம் நன்றாக இருந்தது. சேர்க்கும்போது மருத்துவர் தினமும் வருவார் என்றார்கள். வாரம் ஒரு முறை வந்தார், பிறகு அதுவும் நின்றது. நடத்துகிற நிறுவனம் நடுவில் மாறியது. புதிதாக வந்தவர்கள், பழைய வாக்குறுதி எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். எழுத்தில் இல்லாததால் எங்களால் பேச முடியவில்லை. முன்பணத்தைத் திரும்பப் பெற ஏழு மாதம் நடந்தேன்.

ஆனால் பணத்துக்காக நான் வெளியே வரவில்லை. அங்கே எனக்கு வேலையே இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளோடு கழித்தவள். அங்கே எல்லாருக்கும் என் வயது. குழந்தை அழுகிற சத்தம்கூடக் கேட்காது. எதைத் தொட்டாலும் "நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது மாலையில் தெருப்பிள்ளைகள் பதினொரு பேர் என் திண்ணையில் கணக்குப் போடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி தினமும் இரவு ஒன்பது மணிக்கு என்னைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாள்.

எல்லாருக்கும் இப்படி அமையாது என்று தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் அம்மா நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று பாருங்கள். அதில் எது அங்கே போனால் நின்றுபோகும் என்று அவரிடமே கேளுங்கள்.

கோரிப்பாளையம் வக்கீல்

ஆசிரியை அம்மாவின் அனுபவம் நான் அடிக்கடி கேட்கும் கதை. அதனால் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மூன்று வகை உண்டு: வீட்டைச் சொந்தமாக வாங்குவது, பெருந்தொகையை முன்பணமாகக் கட்டிக் குத்தகைக்கு இருப்பது, மாத வாடகைக்கு இருப்பது. 74 வயதில் தனியாக இருப்பவருக்கு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் விற்க வேண்டுமானால் வாங்குபவருக்கும் வயது நிபந்தனை இருக்கும், பல இடங்களில் நிறுவனத்தின் சம்மதமும் தேவைப்படும். வாரிசுக்கு வீடு வரும், ஆனால் வயது வராததால் குடியிருக்க முடியாமல் போகலாம். பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

குத்தகை ஓராண்டுக்கு மேற்பட்டது என்றால் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். புதிய கட்டடம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ இருந்தால் பதிவு கட்டாயம். ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் மாதிரி விதிகளை வெளியிட்டது. கட்டியவர், சேவையை நடத்துபவர், வீடு பெறுபவர் ஆகிய மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆசிரியை அம்மாவுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்திருந்தால் "எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்த விதிகள் தாமாகவே எல்லா இடத்துக்கும் பொருந்திவிடா. ஆனாலும் படியெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கட்டண உயர்வுக்கு உச்சவரம்பு, வெளியேறினால் எத்தனை நாளில் பணம் திரும்பும், இறந்தால் யாரிடம் திரும்பும், எந்த நிலையில் வெளியேறச் சொல்வார்கள்: இவை நான்கும் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் அண்ணன் வீட்டை விற்கலாம் என்கிறார். சில குடும்பங்களில் விற்பதற்குப் பதில் பிள்ளைகள் பெயருக்குத் தானப்பத்திரம் எழுதச் சொல்வார்கள். எழுதுவதானால், 'இறுதிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும். நிபந்தனையை எழுதாமல் "என் பிள்ளைதானே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வருகிற பெரியவர்கள் அதிகம். உங்கள் குடும்பத்தைக் குறை சொல்லவில்லை, சகோதரி. எல்லா அம்மாக்களுக்காகவும் எழுதுகிறேன்.

யானைமலை அடிவாரம்

பழைய வங்கிக்காரன் என்பதால் ஒரு கணக்கு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. முழுவதையும் அதில் போடாதீர்கள். ஐந்து லட்சம் கையில் இருக்கட்டும். 25 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 51,250, மாதத்துக்கு ஏறத்தாழ 17,000. ஓய்வூதியத்தோடு 41,000. ஒருவருக்கு உணவோடு எங்கள் பக்கத்தில் 25,000 முதல் 30,000 வரை ஆகிறது. இன்றைக்குப் போதும்.

ஆனால் செவிலி அம்மா சொன்ன மூன்றாவது நிலை வந்தால் செவிலிக் கட்டணம் தனியாக மாதம் 20,000 வரும். அப்போது போதாது. ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினால் ஏழெட்டு ஆண்டில் கட்டணம் இரட்டிப்பாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நாளுக்குத்தான் எஸ்.எஸ். காலனி வீடு. அதை இப்போது விற்காதீர்கள். வாடகைக்கு விட்டால் துண்டு விழும் தொகையை அது ஈடுகட்டும்.

70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் வந்தது. அம்மாவுக்கு அட்டை எடுத்துவிடுங்கள். அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். உதவியாளர் சம்பளத்துக்குப் பொதுவாகக் காப்பீடு கைகொடுப்பதில்லை.

மேலூர்க்காரன்

எல்லாரும் 25,000, 40,000 என்று பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் பேசுகிற தொகை 1,200. அதுதான் முதியோர் உதவித்தொகை. என் பெரியம்மாவுக்கு 79 வயது. பிள்ளைகள் திருப்பூரில். தினமும் ஒரு வேளை சோற்றை அக்கம்பக்கத்தார்தான் கொடுக்கிறார்கள்.

மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேராவது தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்று வக்கீல் ஐயா சொன்ன அதே 2007 சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அது எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கேட்கிறவர்கள் குறைவு. எங்களுக்குக் கிடைத்த உண்மையான உதவி 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்தான். சர்க்கரை மாத்திரையை வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள். பெரியம்மாவின் முழங்காலுக்கு இயன்முறைப் பயிற்சியாளர் வந்தார். உங்கள் பகுதியில் யாராவது இப்படித் தனியாக இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்.

செவிலி

மேலூர்த் தம்பி, பெரியம்மாவுக்குக் காலில் புண் எதுவும் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம். விரல் இடுக்கில் பாருங்கள்.

மாடக்குளம்

முன்பு எழுதியதைத் திரும்பப் படித்தேன். சகோதரி, உங்களை வருத்தியிருந்தால் மன்னியுங்கள். முழு உண்மையையும் சொல்லவில்லை என்று தோன்றியது.

அப்பாவை வீட்டில் பார்த்தேன் என்றேன். பார்த்தது என் மனைவி. ஐந்து ஆண்டில் ஒரு கல்யாணத்துக்குக்கூட அவள் இரவு தங்கவில்லை. முகமை மூலம் வந்த உதவியாளர்கள் மொத்தம் பதினேழு பேர். ஒருவர் நன்றாகப் பழகும்போது ஊருக்குப் போய்விடுவார். பகலுக்கு 18,000, இரவுக்குத் தனி. ஆள் வராத நாளில் அவளும் நானுமாகத் தூக்குவோம். அவளுக்கு இப்போது முதுகுத் தண்டில் தட்டு விலகியிருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்ததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் யாருடைய முதுகில் வைத்துப் பார்த்தேன் என்பதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொன்னது தவறு.

எஸ்.எஸ். காலனி மகள்

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மனைவியின் முதுகு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

இரண்டு வாரம் விடுப்பில் வந்தேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அறுவை முடிந்தது. இரவில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாத்திரையை மருத்துவர் மாற்றினார். குளியலறையில் கம்பி பொருத்தியாயிற்று.

அம்மாவோடு மூன்று குடியிருப்புகளைப் பார்த்தோம். செவிலி அம்மா சொன்ன கேள்வியைக் கேட்டேன். முதல் இடத்தில் பேச்சை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில், படுக்கையானால் வெளியே அழைத்துப் போக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மூன்றாவது அழகர்கோவில் சாலையில். செவிலியர் பகுதி பின்கட்டில் இருக்கிறது, இரவில் எட்டுப் பேருக்கு ஒருவர். அதை எழுத்திலும் தருகிறார்கள். மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து இராஜாஜி மருத்துவமனை வரை நானே ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது நிமிடம்.

நான் ஒரு தாள் நிறையக் கேள்வி வைத்திருந்தேன். அம்மா கேட்டது வேறு. அறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் போடலாமா? மின்னடுப்பு வைத்துக் காப்பி மட்டும் நானே போட்டுக்கொள்ளலாமா? பேரன் வந்தால் என் அறையிலேயே தங்கலாமா? மருத்துவமனையில் சேர்த்தால் முதல் ராத்திரி என் பக்கத்தில் யார் இருப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு மேலாளர் ஒரு பெண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா அவரிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், "சித்திரையில் அழகர் அப்பன்திருப்பதி வழியாகத்தானே மதுரைக்கு இறங்குகிறார்? இங்கே இருந்தால் எல்லாருக்கும் முன்னால் நான் பார்த்துவிடுவேன்" என்றார்.

ஆனால் ஒரேயடியாக வீட்டை விட்டுப் போக மாட்டாராம். ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பார். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கும், துளசிக்கு அவர் தண்ணீர் ஊற்றுவார். பால்காரரிடம் ஒரு மாதத்துக்கு மட்டும் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் சிறிது கோபம். பேசிக்கொள்கிறேன்.

திரும்பி வந்தவள்

அங்கே அவர் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

எஸ்.எஸ். காலனி மகள்

பார்த்தோம், அம்மா. வாசலில் நந்தவனம் இருக்கிறது, பூத்தொடுக்க ஆள் இல்லை. அம்மா பார்த்த உடனே நாரைக் கேட்டார்.

யானைமலை அடிவாரம்

சேருகிற தேதியைச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் புதுமையில் போய்விடும். மூன்றாம் நாள் மாலைதான் எங்கள் இருவருக்குமே தாங்க முடியாததாக இருந்தது. அன்று நாங்கள் அங்கே வருகிறோம். அம்மாவுக்குப் பல்லாங்குழி தெரியுமா என்று என் மனைவி கேட்கிறார்.

எஸ்.எஸ். காலனி மகள்

தெரியும், ஐயா. ஆவணி முதல் தேதி சேருகிறார். சோழி அவரிடமே இருக்கிறது.